மணிக்குள் அடைத்த சாக்ஸ்

புருஷன் தார்தோ ஒலிவேரா சமையலறைக்குள் குடிபுகுந்த நாளிலிருந்து நிபியாவுக்கு நிம்மதி போயிற்று. இடுப்பு எலும்பை எடுத்துவிட்டு இரும்பை வைத்த பிறகு அந்த மனுஷனுக்கு அடுப்பருகே கிடந்த நாற்காலியே உலகம் என்றாகிவிட்டது. கக்கத்தில் தெர்மாஸை இடுக்கிக்கொண்டு, மாத்தே என்கிற கசப்புத் தேநீரைக் குடுக்கையிலிருந்து சர்ரென்று உறிஞ்சிக்கொண்டு, ஆயுசில் ஒரு வெங்காயம் உரித்துப் பார்க்காதவர் குழம்புக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

"பூசணிக்காயப் பெருசா நறுக்கியிருக்க."

"ஆமா."

"உப்பு போட்டாச்சா?"

"கிழவா, உன் குதிரைக்கு லாடம் எப்படி அடிக்கணும்னு நான் என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

"சொல்லியிருக்க. போன வருஷம்."

"அது வேற. அன்னைக்கு நீ கோணலா அடிச்ச."

இப்படியே பொழுது போனது. அவர் வாயை அடைக்க ஒரே வழி குதிரைப் பேச்சுதான். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் முகம் வாடிவிடும். வாடிய முகத்தைப் பார்ப்பதற்கு உப்புப் பஞ்சாயத்தே தேவலை என்று நிபியா விட்டுவிட்டாள்.

குதிரைகள் மொத்தம் ஆறு. ஐந்து காயடித்த ஆண்குதிரைகள். ஐந்தும் ஒரே செம்பழுப்பு, ஒரே கறுப்புக் கால்கள். பாசோ ஓண்டோ ஊரைச் சுற்றி எத்தனையோ பேர் குதிரை வைத்திருந்தாலும் ஒரே நிறத்தில் கூட்டம் சேர்த்தவர் தார்தோ ஒருவர்தான். அந்தப் பெருமையில்தான் அவர் தொப்பியைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவார். ஆறாவது கலாந்திரியா. வெள்ளைப் பெட்டை, வயதானவள், சாது. கழுத்தில் வெண்கல மணி. அந்த மணி எங்கே கேட்கிறதோ அங்கேதான் ஐந்து தடியன்களும் மேய்வார்கள். கூட்டத்துக்குத் தாய் மாதிரி ஒரு பெட்டையை வைத்து அவள் கழுத்தில் மணி கட்டுவது அங்கே எல்லோரும் செய்வதுதான். அப்படிப்பட்ட மணிப்பெட்டையின் மேல் யாரும் ஏறமாட்டார்கள். நிபியா மட்டும் ஏறுவாள். சர்க்கரை, மாவு, மண்ணெண்ணெய் வாங்க சுல்மாவின் கடைக்குப் போக அவளுக்கு வேறு எந்தக் குதிரை இவ்வளவு பொறுமையாக நிற்கும்? ஊரில் மணிச்சத்தம் கேட்டால் "நிபியா வர்றா" என்று சுல்மா எழுந்து கதவைத் திறப்பாள்.

தார்தோ நாற்காலிக்குப் போன பிறகு ஆறும் நிபியா தலையில் விழுந்தன. விடிந்ததும் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள். மக்காச்சோளத்தை அளந்து போட்டாள், குதிரைமசால் தழையை உதறிப் போட்டாள். இரும்புச் சீப்பால் முதுகைத் தேய்த்தாள், காதுக்குள் உண்ணி பிடுங்கினாள், ஒவ்வொரு காலாகத் தூக்கி மடியில் வைத்துக் குளம்பில் சிக்கிய கல்லை நெம்பி எடுத்தாள். அத்தனையும் ஜன்னல் வழியாகக் கண்காணிக்கப்பட்டது.

"தீசோனோட பின்னங்கால மொதல்ல தூக்காத! அவனுக்குப் புடிக்காது!"

"அவனுக்கு எதுதான் புடிக்கும்?"

தீசோன் தார்தோவின் செல்லம். கூட்டத்திலேயே வேகக்காரன். பல மாதமாக முதுகில் ஆள் ஏறாததால் கொழுப்பெடுத்துத் திரிந்தான். நிபியாவின் தொப்பியைக் கடித்து இழுத்துத் தொட்டிக்குள் போடுவது அவனுடைய தினசரி வேலையாக இருந்தது. அவள் திட்டிக்கொண்டே தொப்பியைப் பிழிவாள். திட்டி முடித்ததும் நெற்றியைச் சொறிந்துவிடுவாள். அந்த ஆறு மூஞ்சிகளையும் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். தன் கால்வலியைக்கூட அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் குதிரைகளுக்குத்தான் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும்.

ஆபத்து எப்படியும் வந்தது. மகள் லெத்தீசியா தலைநகர் மோன்ட்டிவீடியோவிலிருந்து போன் போடும்போதெல்லாம் ஒரே பாட்டு: "அம்மா, எங்க பில்டிங்ல எட்டாவது மாடில ஒரு வீடு காலி. லிஃப்ட் இருக்கு. அப்பாவ எத்தனை நாள் அங்க வெச்சிருப்பே?" தார்தோ முதலில் காதில் வாங்கவில்லை. பிறகு வாங்கினார். ஒரு நாள் மாத்தேவை உறிஞ்சி முடித்துக் குடுக்கையைக் கவிழ்த்துவிட்டு, "குதிரை ஏறாதவனுக்குக் குதிரை எதுக்கு?" என்றார். அதே வாரம் குதிரைகளை விற்றுவிடுவதாக அமீல்கார் தெச்சேராவுக்குச் சொல்லி அனுப்பினார். பக்கத்துப் பண்ணைக்காரர் அமீல்காருக்கு அந்தச் செம்பழுப்புக் கூட்டத்தின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். திங்கட்கிழமை வந்து ஓட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது நிபியா பேச்சை எடுத்தாள்.

"டாக்டர் உன்ன ஏறக் கூடாதுன்னா சொன்னாரு?"

"சாதுவான குதிரையா இருந்தா, நடையில மட்டும் போகலாம்னாரு. என்கிட்ட சாதுவா எது இருக்கு? தீசோன் மேல ஏறினா அடுத்த இடுப்பும் இரும்புதான்."

"இருக்கே ஒண்ணு."

தார்தோ கரண்டியைக் கீழே வைத்தார். எந்த ஒன்று என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"கிழவி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பெட்டைக் குதிரை மேல் ஏறிய ஆம்பளையை பாசோ ஓண்டோ லேசில் விடாது. ஒரு வெள்ளக் காலத்தில் பிரசவ வலி எடுத்த பெண்டாட்டிக்கு மருத்துவச்சியைக் கூட்டிவர, கைக்குக் கிடைத்த பெட்டை மேல் ஏறிப் போனான் ரூஃபினோ என்று ஒருத்தன். மருத்துவச்சி நேரத்துக்கு வந்தாள், குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. அவன் பெயர் பெட்டை ரூஃபினோ. பிறந்த குழந்தைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, அவனும் பெட்டை வீட்டுப் பையன்தான்.

"எங்கப்பன், பாட்டன் யாரும் ஏறினதில்ல" என்றார் தார்தோ.

"உங்கப்பனுக்கும் பாட்டனுக்கும் இடுப்பு நல்லா இருந்துச்சு." நிபியா தட்டைத் தள்ளி வைத்தாள். "இந்தா பாரு, எனக்கு எட்டாவது மாடி வேணாம். காலைல எழுந்தா அந்தத் தீசோன் கழுத என் தொப்பியப் புடுங்கணும். நீ குதிரை மேல உக்காந்து என்னைப் பாத்து ஏதாவது கத்திக்கிட்டே போகணும். நீ இப்படி நாற்காலியில காஞ்சு போறத என்னால பாக்க முடியல, கிழவா. ஒரே ஒரு தடவ ஏறிப் பாரு. சரிப்படலேன்னா திங்கக்கிழம அவங்க ஓட்டிட்டுப் போகட்டும். நான் வாயத் திறக்கமாட்டேன்."

அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்பதை அவர் நம்பவில்லை. ஆனாலும் வெகுநேரம் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்துவிட்டு, "ஞாயித்துக்கிழம மத்தியானம்" என்றார். "ஊரே தூங்கும்போது. ஒரு ஈ காக்கா பாக்கக் கூடாது."

ஞாயிறு மதியம் அங்கே நாய்கூட எழுந்து நடக்காது. இறைச்சி சுட்டுத் தின்றுவிட்டு ஊர் மொத்தமும் கட்டையாகக் கிடக்கும். நிபியா கலாந்திரியாவை வீட்டுக்குப் பின்னால் ரொட்டி அடுப்பருகே கொண்டுவந்து நிறுத்தினாள். மெத்தென்று இருக்க ஆட்டுத்தோலை இரண்டாகப் போட்டுச் சேணத்தை இறுக்கினாள். மணி டணடணவென்றது.

"அதக் கழட்டு" என்றார் தார்தோ கிசுகிசுப்பாக. "சத்தம் சுல்மா கடை வரைக்கும் கேக்கும்."

கழற்ற எங்கே முடிந்தது? குட்டியாக இருந்தபோது கட்டியது. கொக்கி துருப்பிடித்து வாரோடு வாராக ஒட்டிப்போயிருந்தது. அறுக்க அவருக்கு மனசு வரவில்லை. கலாந்திரியாவை மணியில்லாமல் பார்ப்பது துணியில்லாமல் பார்ப்பது மாதிரி என்றார். கடைசியில் குனிய முடியாமல் குனிந்து, தன் காலிலிருந்த கம்பளி சாக்ஸ் ஒன்றைக் கழற்றி மணிக்குள் திணித்தார். மணியின் நாக்கு அடைத்துக்கொண்டது.

"இவ்வளவு நாளும் உன் சாக்ஸ் நாத்தம் எனக்கு மட்டும்தான்" என்றாள் நிபியா. "இப்ப பாவம், அதுக்கும்."

அடுப்புத் திண்டின் மேல் ஏறி நின்று, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டார். உட்கார்ந்தார். முகம் வெளுத்து, பிறகு மெல்ல நிறம் திரும்பியது. கலாந்திரியா காதைக்கூட ஆட்டவில்லை. நிபியா பக்கத்தில் நடந்து வர, பின்வாசல் வழியாக ஓடைக்கரைப் பாதையில் இறங்கினார்கள். ஆண்குதிரைகள் ஐந்தும் யூகலிப்டஸ் நிழலில் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தன.

ஓடையை எட்டுவதற்குள் தார்தோவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. தொப்பியைச் சாய்த்துக்கொண்டார். ஒரு கால் செருப்புக்குள் வெறுங்காலாக ஆடியது.

"இந்த மேட்டுல முள்ளு மண்டிக் கிடக்கு. யாரும் வெட்டல போல."

"யாரு வெட்டுவா? எனக்குத்தான் உப்பு போட்டேனா இல்லையான்னு பதில் சொல்லவே நேரம் சரியா இருக்கே."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தார் என்று நிபியாவுக்கு ஞாபகமில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க கலாந்திரியாவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

அப்போதுதான் கனைப்புச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மாற்றி மாற்றிப் பல. பிறகு கம்பி அறுகிற சத்தம்.

தார்தோவின் சிரிப்பு அப்படியே நின்றது. "மணி" என்றார்.

இத்தனை வருஷம் குதிரை வளர்த்தவருக்கு அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். வெட்கம் கண்ணை மறைத்துவிட்டது. நிபியா கடைக்குப் போகும்போது மணி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும். ஐந்தும் வேலியோரம் காதை நீட்டிக்கொண்டு நிற்கும். போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று அவற்றுக்குத் தெரியும். இன்றைக்குக் கண் விழித்தபோது மணியே இல்லை. தாயைக் காணோம். வேறென்ன செய்யும்?

மேட்டில் ஏறிப் பார்த்தார்கள். வேலி படுத்துக் கிடந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஐந்தும் ஊரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் தீசோன். கலாந்திரியா வழக்கமாகப் போகும் வழி அதுதானே. அந்தக் குளம்புச் சத்தத்தில் இங்கிருந்து மணி அடித்தாலும் அவற்றின் காதில் விழாது. ஊருக்கு ஒரே தெரு. தெரு முடிகிற இடத்தில் மரம் ஏற்றின லாரிகள் ஞாயிறென்றும் பாராமல் பறக்கிற நெடுஞ்சாலை.

"நீ மோட்டார் சைக்கிள எடு!" என்றார் தார்தோ. "நெடுஞ்சாலைக்கு முன்னால போய் மறி!"

"நீ?"

"நான் வர்றேன். போ!"

நிபியா ஓடினாள். இருமுகிற பழைய வண்டியை உதைத்துக் கிளப்பி, மக்காச்சோள வாளியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, வயலைக் குறுக்கே கிழித்து நெடுஞ்சாலைப் பக்கமாகத் தெருவுக்குள் நுழைந்தாள். அதற்குள் ஊர் விழித்துவிட்டது. அரைக்கால் சட்டையும் வெறும் உடம்புமாக ஆட்கள் வெளியே வந்து ஆளுக்கொரு திசையில் கையை ஆட்டினார்கள். மிரளாத குதிரையும் மிரளும். சுல்மா துடைப்பத்தோடு நின்றாள். கடை வாசல் பெஞ்சில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிக்கொண்டிருந்த அமீல்கார் தெச்சேரா எழுந்து உட்கார்ந்து, "நாளைக்கு வர்றேன்னு சொன்னேன், அதுங்களே என்னைத் தேடி வந்துடுச்சா?" என்றார்.

நிபியா வாளியை ஆட்டினாள். சோளம் கலகலத்தது. திரும்பிப் பார்க்க ஆளில்லை. தீசோன் அவளைச் சுற்றிக்கொண்டு போனான், மற்றவை பின்னாலேயே. ஒவ்வொரு சந்திலும் தலையை நுழைத்து, கனைத்து, பதில் கிடைக்காமல் அடுத்த சந்துக்குப் போயின. நெடுஞ்சாலை இரண்டே வீடு தள்ளி. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது.

தெருவின் மறுகோடியில் தார்தோ தெரிந்தார்.

ஊர் தொடங்குகிற இடத்தில், மரநிழலில், வெள்ளைப் பெட்டை மேல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரை யாரும் கவனிக்கவில்லை. இப்போதுகூடத் திரும்பிப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. தெருவின் நீளம் முழுக்கத் தாண்டி அவர் நிபியாவைப் பார்த்தார். நிபியா கூப்பிடவில்லை, கையை ஆட்டவில்லை. கூப்பிட்டால் அவரைப் பெட்டை ரூஃபினோவுக்குத் தம்பியாக்கியவள் தான்தான் என்றாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. இது அவரே செய்ய வேண்டியது.

தார்தோ குனிந்தார். இரும்பு இடுப்போடு அப்படிக் குனிவது எவ்வளவு வலிக்கும் என்று தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. மணிக்குள் விரலை விட்டு சாக்ஸை இழுத்தார். பாதியில் சிக்கியது. இன்னும் குனிந்து வெடுக்கென்று பிடுங்கித் தெருவில் எறிந்துவிட்டு, கலாந்திரியாவின் விலாவில் லேசாகக் குதிகாலைத் தொட்டார்.

டண், டண், டண்.

"நிபியா வர்றா" என்று சுல்மா பழக்கதோஷத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்ற நிபியாவைப் பார்த்தாள். பிறகு ஊரே மணி வந்த பக்கம் திரும்பியது.

தார்தோ ஒலிவேரா தெரு நடுவே நடையில் வந்துகொண்டிருந்தார். அவசரப்படவில்லை. டாக்டர் நடை என்றுதானே சொன்னார். நெடுஞ்சாலையின் விளிம்பில் தீசோன் தலையைத் தூக்கினான். காது இரண்டும் குத்திட்டன. அடுத்த நிமிஷம் ஐந்தும் திரும்பி, சுல்மாவின் பூந்தொட்டியை உடைத்து, நிபியாவின் வாளியைத் தட்டிவிட்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்து கலாந்திரியாவை மொய்த்துக்கொண்டன. தீசோன் அவள் கழுத்தில் மூக்கைத் தேய்த்தான், தார்தோவின் முழங்காலில் தேய்த்தான், மறுபடி அவள் கழுத்துக்கே போனான். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற நிபியா வாய்விட்டு அழுதாள். யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

பிறகு ஊர் வாய் மடை திறந்தது.

"தார்தோ அண்ணே, பாவாடைய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

"யோவ், ஒரு கால்ல சாக்ஸ் இல்ல பாரு! கல்யாணப் பொண்ணு அவசரத்துல வந்துடுச்சு!"

"ரூஃபினோ உயிரோட இருந்தா இன்னைக்குப் பந்தி வெச்சிருப்பான்!"

தார்தோ நேரே பார்த்தபடி நடையிலேயே வந்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது. கடை வாசலுக்கு வந்ததும் கலாந்திரியா பழக்கத்தில் தானாகவே நின்றது. அமீல்கார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு எதுக்கு, தார்தோ? இப்பவே ஓட்டிட்டுப் போயிடட்டுமா?"

"எதுக்கு?"

"நீதானப்பா சொல்லி அனுப்பினே? குதிரை ஏறாதவனுக்குக் குதிரை எதுக்குன்னு."

"ஆமா, சொன்னேன். ஏறாதவனுக்கு எதுக்குன்னுதான் சொன்னேன்." தார்தோ தொப்பியைச் சாய்த்துக்கொண்டார். "நான் இப்ப எங்க உக்காந்திருக்கேன்?"

"பெட்ட மேல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்த, தெருவே கெக்கலித்தது.

சிரிப்பு அடங்கும்வரை தார்தோ காத்திருந்தார். பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஆமாய்யா, பெட்ட மேலதான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து என்னைச் சுமக்கிறது என் கிழவிதான். இன்னைக்குதான் அவளுக்கு இன்னொருத்தி துணைக்கு வந்திருக்கா. ரெண்டு பேர்ல யாரும் என்னைக் கீழ போடல. சிரிக்கிறவன் சிரிச்சுக்கோ."

சுல்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய், தேன் கலந்த சாராயத்தை ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து குதிரை மேலிருந்தவரிடம் நீட்டினாள். அமீல்கார் தீசோனின் முதுகை ஒரு தட்டுத் தட்டினார். "குடுத்திருந்தா நல்லா வெச்சிருப்பேன்" என்றார். "சரி, போ. வேலிக்குக் கம்பி வேணும்னா ஆள் அனுப்பு."

வீட்டுக்குப் போகும்போது முன்னால் மணி, அதைச் சுற்றி ஐந்து செம்பழுப்பு முதுகுகள், கடைசியில் இருமிக்கொண்டே மோட்டார் சைக்கிள். மேடு ஏறும்போது தார்தோ திரும்பி, "கிழவி, வண்டிக்கு எண்ணெய் மாத்தணும், சத்தமே சரியில்ல!" என்று கத்தினார். நிபியாவுக்குக் கோபமே வரவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே முள் வெட்டுகிறேன் என்று கலாந்திரியா மேல் கிளம்பியவர் மத்தியானமாகியும் திரும்பவில்லை. ஓடைப் பக்கமிருந்து மணி கேட்டுக்கொண்டே இருந்தது. பாதையில் போன யாரோ "பெட்டை தார்தோ!" என்று கூப்பிட்டதும், "என்னடா?" என்று அவர் பதில் குரல் கொடுத்ததும் காற்றில் வந்தன. சமையலறையில் நாற்காலி காலியாகக் கிடந்தது. நிபியா தன் இஷ்டத்துக்குப் பூசணிக்காயைப் பெரிசு பெரிசாக நறுக்கிப் போட்டு, நிம்மதியாகக் குழம்பு வைத்து இறக்கினாள். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, கேட்க ஆளில்லாததால் உப்புப் போட மறந்துபோயிருந்தாள்.